கணினி கேள்வி–பதில்: எக்ஸுக்குப் பதிலாக சி

காப்புநகல் எடுப்பதில் நம் வாசகர்களுக்கு இப்போது பெரிய சிக்கல் இல்லை. எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவரும்போதுதான் கை நடுங்குகிறது என்பது இம்முறை நீலகிரியின் பல பக்கங்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் தெரிகிறது. அவற்றில் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) தட்ட வேண்டிய கட்டளைகளை, தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்வதுபோலத் தமிழிலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் இடவும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன், ஏனெனில் சிறிய சி-யும் பெரிய சி-யும் லினக்ஸுக்கு வெவ்வேறு ஆட்கள்.

கேள்வி: சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். இலைக் கணக்கு முழுவதும் உபுண்டு கணினியில் லிப்ரே ஆபீஸ் தாள்களாக இருக்கிறது. ஞாயிறு இரவு எல்லாவற்றின் நகலும், மற்ற இரவுகளில் அன்று மாறியவற்றின் நகலும் டார் கோப்பாக வெளிவட்டில் சேரும்படி என் அக்காள் மகன் அமைத்துக் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டான். புதன்கிழமை நான் ஜூலை மாதத் தாளின் மேலேயே ஆகஸ்ட் எடைகளை ஒட்டிச் சேமித்துவிட்டேன். செவ்வாய் இரவு இருந்த அந்த ஒரு கோப்பு மட்டும் வேண்டும். மற்ற கோப்புகளில் புதன், வியாழன் பதிவுகள் இருக்கின்றன. அவை போய்விடக் கூடாது.
— வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தத் தாளை மூடிவிட்டு, கெட்டுப்போன கோப்பையும் அழிக்காமல் வேறு பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒட்டிய ஆகஸ்ட் எடைகள் இப்போதைக்கு அதில்தான் இருக்கின்றன.

டார் என்பது 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த நிரல். காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக அடுக்குவதற்கென்று எழுதப்பட்டது. அது அதிகம் பேசாது. விரிக்கும் இடத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால், அதை நீக்கிப் பழையதை வைக்கலாமா என்று உங்களிடம் கேட்காமலேயே வைத்துவிடும். ஆகவே உங்கள் வேலைக்கோப்புறைக்குள் நின்றுகொண்டு செவ்வாய்க்கிழமை நகலை அப்படியே விரித்தால், நீங்கள் அஞ்சுவது நடந்தே தீரும்.

வெளிவட்டை மாட்டி, முதலில் உள்ளடக்கத்தை மட்டும் பாருங்கள்: டார், ஒரு இடைவெளி, ஒற்றைக்கோடு டி வி எஃப், இடைவெளி, செவ்வாய் நகலின் பெயர். (டேபிளுக்கு வரும் டி, டெல்லிக்கு வரும் டி அன்று.) இது எதையும் மாற்றாது, ஒவ்வொரு கோப்பின் அளவையும் தேதியையும் பாதையையும் திரையில் வரிசையாகக் காட்டும். தினசரி நகல்களில் கோப்புறைப் பெயர்கள் எல்லா நாளும் தெரியும். கோப்போ அன்று மாறியிருந்தால் மட்டுமே இருக்கும். செவ்வாயன்று ஜூலைத் தாளில் நீங்கள் கை வைத்திருக்காவிட்டால் அது திங்கள் நகலிலோ, அதிலும் இல்லையென்றால் ஞாயிறு முழு நகலிலோ கிடைக்கும். அப்படிப் பின்னோக்கிப் போகும்போது முதலில் அகப்படுவதுதான் உங்களுக்கு வேண்டிய வடிவம்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்து, பட்டியலில் பெயருக்குப் பதிலாகச் சாய்கோடுகளும் எண்களுமாக வந்தால் நகல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 340, 256, 225 என்ற மூன்று எண்கள் சேர்ந்தால் ‘க’. டெர்மினலின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாதபோது டார் இப்படித்தான் எழுத்தை எண்ணாக்கிக் காட்டும். உள்ளே பெயர் பத்திரமாகவே இருக்கிறது.

அடுத்து, வீட்டுக் கோப்புறையில் ‘மீட்பு’ என்று ஒரு புதிய காலிக் கோப்புறையை உண்டாக்குங்கள். அது முன்பே இருக்க வேண்டும். டார் தானாக உண்டாக்கித் தராது. பிறகு கட்டளை: டார், ஒற்றைக்கோடு எக்ஸ் வி எஃப், நகலின் பெயர், ஒற்றைக்கோடு பெரிய சி, மீட்புக் கோப்புறையின் பாதை, கடைசியாக வேண்டிய கோப்பின் பாதை. அந்தக் கடைசிப் பாதையைப் பட்டியலில் கண்டபடியே ஓர் எழுத்தும் மாறாமல் தர வேண்டும். நகல் எடுக்கும்போது பாதையின் தொடக்கத்திலுள்ள சாய்கோட்டை டார் கழற்றிவிடும் வழக்கம் உடையது என்பதால், ‘சாய்கோடு ஹோம்’ என்று தொடங்கினால் அப்படி ஒன்று நகலில் இல்லை என்றே விடை வரும். ‘ஹோம்’ என்றே தொடங்குங்கள். பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் முழுப்பாதையையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். கோப்பு மீட்புக்குள் நேரடியாக உட்காராமல் ஹோம், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் கணக்கு என்று கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய் உட்கார்ந்திருக்கும், அது பிழையன்று. அங்கே திறந்து பார்த்து, ஜூலை எடைகள் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு, கையாலேயே வேலைக்கோப்புறைக்கு நகலெடுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ‘கீப்-நியூவர்-ஃபைல்ஸ்’ என்று ஓர் ஆப்ஷன் உண்டு. இருப்பது புதியதாக இருந்தால் அதைத் தொடாதே என்பது அதன் பொருள். கேட்கும்போது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் உங்களிடம் கெட்டுப்போன கோப்புதான் இருப்பதிலேயே புதியது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, இருப்பதே புதியது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் சொல்லி டார் நின்றுகொள்ளும். நீங்களோ நகலிலும் தவறான தாளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டாவது, தினசரி நகல்களை விரிக்கும்போது ‘லிஸ்டட்-இன்கிரிமென்டல்’ என்ற ஆப்ஷனைச் சேர்க்கும்படி யாரேனும் சொல்லக்கூடும். வட்டு முழுவதும் போய், எல்லாவற்றையும் மீட்கும்போது அது தேவைதான்: ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும், அந்த ஆப்ஷனுக்குக் கோப்பாக ‘சாய்கோடு டெவ் சாய்கோடு நல்’ என்ற, லினக்ஸில் எப்போதும் வெறுமையாக இருக்கும் கோப்பைக் கொடுக்க வேண்டும். அப்போது டார், நகல் எடுத்த அன்று இல்லாத கோப்புகளை விரிக்கும் கோப்புறையிலிருந்து நீக்கவும் செய்யும். காலி வட்டில் அது சரியான வேலை. உங்கள் வேலைக்கோப்புறையிலோ புதனும் வியாழனும் புதிதாகப் பிறந்த கோப்புகள் காணாமல் போகும்.

இனி தலைப்பில் உள்ள செய்தி. சிறிய எக்ஸ் என்றால் விரி. சிறிய சி என்றால் புதிதாக உண்டாக்கு. பல ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஓர் அலுவலகத்தில், மின்சாரம் போய் வந்த அவசரத்தில், தொலைந்த ஒரு கோப்பை மீட்கப் போய் எக்ஸுக்குப் பதிலாக சி தட்டினேன். கோப்பின் பெயர் எதையும் தராமல் சி போட்டிருந்தால், காலி நகலை உண்டாக்க எனக்குத் துணிவில்லை என்ற பொருளில் ஒரு வரி சொல்லி டார் மறுத்திருக்கும். உண்மையிலேயே கோழை என்ற சொல்லைப் பயன்படுத்தித்தான் அது தன்னைச் சொல்லிக்கொள்ளும். நான் பெயரையும் தந்திருந்தேன். அந்தப் பெயரில் வட்டில் கோப்பு இல்லை என்று அது முறையிட்டது, இல்லாததால்தானே தேடுகிறேன்! ஆனால் முறையிடுவதற்கு முன்பே, நகல் கோப்பைப் புதிதாக எழுதுவதற்காகத் திறந்து வெறுமையாக்கிவிட்டிருந்தது. பல நூறு மெகாபைட் இருந்த நகலின் அளவைப் பார்த்தேன்: 10240 பைட். காலியான டார் கோப்பின் அளவு அது. விசைப்பலகையில் எக்ஸும் சி-யும் பக்கத்துப் பக்கத்துச் சாவிகள். அன்று முதல், மீட்கும் வேலையில் ஒற்றை எழுத்தை விட்டுவிட்டு இரட்டைக்கோடு எக்ஸ்ட்ராக்ட் என்று முழுச்சொல்லாகத்தான் தட்டுகிறேன். வெளிவட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றிவிட்டால் இன்னும் நிம்மதி. மவுன்ட் கட்டளையில் ஒற்றைக்கோடு ஓ, அடுத்து ஆர் ஓ என்று தந்தால் போதும்.

கேள்வி: என் ஆய்வேட்டின் செவன்-ஜிப் நகலை விண்டோஸ் கட்டளைவரியில் பிரித்தேன். ஐந்து இயல்களும் தனித்தனிக் கோப்புறையில் இருந்தவை. இப்போது எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு இயலிலும் இருந்த ‘முன்னுரை’ என்ற கோப்பு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.
— மாணவி, உதகை

பதில்: செவன்-இசட், ஈ என்று தட்டியிருப்பீர்கள். ஈ என்றால் கோப்புறை அமைப்பைக் கைவிட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டு என்று பொருள். எக்ஸ் என்றால் அமைப்போடு பிரி. கொட்டும்போது ஒரே பெயர் மீண்டும் வந்ததும் மேலெழுதவா என்று அது கேட்டிருக்கும், நீங்களும் எல்லாவற்றுக்கும் ஆம் என்றிருப்பீர்கள். நகல் கோப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. எக்ஸ் போட்டு ஒரு புதிய கோப்புறைக்குள் மறுபடி பிரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கோடு ஓ என்பதை அடுத்து அந்தக் கோப்புறையின் பெயரை இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் உள்ள இடத்திலேதான் பிரித்தாக வேண்டும் என்றால் ஒற்றைக்கோடு ஏ ஓ எஸ் சேர்த்தால் இருப்பதைத் தொடாது. ஏ ஓ யூ சேர்த்தால் வருவதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: கூடலூரில் புகைப்பட நிலையம் வைத்திருக்கிறேன். ஆடி மழையில் மின்சாரம் விட்டுவிட்டு வந்து கணினியின் வட்டு போய்விட்டது. புதிய வட்டைப் போட்டு, லினக்ஸ் நிறுவி, பழைய அமைப்புகளையும் ஏற்றி, ‘படங்கள்’ என்று காலிக் கோப்புறையும் உண்டாக்கி வைத்தேன். காலையில் வெளிவட்டிலிருந்து படங்களைக் கொண்டுவரலாம் என்று வெளிவட்டை மாட்டியபடியே கடையைப் பூட்டினேன். காலையில் வந்தால் வெளிவட்டும் காலி. தினமும் இரவு 2 மணிக்கு, படங்களை வெளிவட்டுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் ஓடும்படி முன்பே அமைத்திருந்தேன். அதில் டெலீட் ஆப்ஷன் உண்டு.
— வாசகர், கூடலூர்

பதில்: மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்பதுதான் டெலீட் ஆப்ஷன். இரவு 2 மணிக்கு மூலம் காலியாக இருந்தது. ஆகவே நகலையும் காலியாக்கியது. மூலத்தைப் படிப்பதில் கோளாறு ஏற்பட்டிருந்தால் ஆர்சிங்க் நீக்கும் வேலையைத் தானே நிறுத்தியிருக்கும். காலிக் கோப்புறையைப் படிப்பதில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது, அந்த வெளிவட்டை உடனே கழற்றுவது. நீக்கப்பட்ட படங்களின் இடம் காலி என்று குறிக்கப்பட்டிருக்குமே தவிர, சுழலும் வட்டாக இருந்தால் அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை படங்களின் உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி வகை வட்டானால் நம்பிக்கை குறைவு. ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல், கோப்பு அட்டவணையை நம்பாமல் வட்டின் மீது நேரடியாகத் தேடி, ஒரு ஜேபெக் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தைக் கொண்டு படங்களைப் பொறுக்கும். பெயர்களும் கோப்புறைகளும் திரும்பி வரா. ஆனால் படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எழுதி வைத்திருக்கும் என்பதால், எந்தத் திருமணம் எது என்று பிரித்துவிடலாம். பொறுக்கிய படங்களை மூன்றாவதாக ஒரு வட்டில்தான் சேமிக்க வேண்டும். அதே வட்டில் சேமித்தால், மீட்ட படம் மீட்காத படத்தின் மேல் போய் உட்காரும். கேமராவின் மெமரி கார்டுகளையும் அதுவரை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

வட்டு போன பிறகு எந்த வேலைக்கும் முன்னால் நேரக்கட்டளையை நிறுத்த வேண்டும். கிரான்டேப், ஒற்றைக்கோடு ஈ என்று தட்டினால் அட்டவணை திறக்கும். ஆர்சிங்க் வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி இட்டுச் சேமித்தால் அந்த வரி ஓடாது. மேற்கு மழை ஓயும் வரை உங்கள் பக்கத்தில் இது மறுபடியும் நேரக்கூடும் என்பதால், இந்த ஒன்றைக் காகிதத்தில் எழுதி வெளிவட்டின் உறையில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை.

மீட்கும்போது மூலமும் இலக்கும் இடம் மாறுகின்றன. மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, பழைய கட்டளையை வரவழைத்து, இரண்டு பாதைகளை மட்டும் மாற்றி ஓடவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. டெலீட்டும் கூடவே வந்துவிடும். மீட்பில் அதற்கு வேலையே இல்லை. புதிதாகத் தட்டுங்கள்: ஆர்சிங்க், ஒற்றைக்கோடு ஏ என் ஐ, வெளிவட்டிலுள்ள படங்கள் கோப்புறையின் பாதை, கணினியிலுள்ள படங்கள் கோப்புறையின் பாதை. இதிலுள்ள என் என்பது ஒத்திகை. எதையும் எழுதாது, நீக்காது. ஐ என்பதால் என்னென்ன நடக்கும் என்று வரிக்கு ஒன்றாகக் காட்டும். புதிதாக வரவிருக்கும் கோப்பின் வரியில் கூட்டல் குறிகள் நிறைந்திருக்கும். நட்சத்திரக் குறியும் டெலீட்டிங் என்ற சொல்லுமாக ஒரு வரி தொடங்கினாலும் அங்கேயே நிறுத்திக் கட்டளையைத் திரும்பப் படியுங்கள். எல்லாம் சரியென்றால் என் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். மூலப் பாதையின் முடிவில் சாய்கோடு இட்டால் ‘கோப்புறைக்குள் இருப்பவை’ என்றும், இடாவிட்டால் ‘கோப்புறையோடு சேர்த்து’ என்றும் ஆர்சிங்க் கொள்ளும். சாய்கோட்டை மறந்தவர்களுக்குத்தான் படங்களுக்குள் இன்னொரு படங்கள் முளைக்கிறது.

நேரக்கட்டளையை மறுபடி இயக்கும்போது அதில் இரட்டைக்கோடு மேக்ஸ்-டெலீட் சமம் 50 என்று சேருங்கள். ஓர் இரவில் 50-க்கு மேல் நீக்க நேர்ந்தால் அதோடு நிறுத்தி, 25 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். பேக்கப், பேக்கப்-டிர் என்ற இரண்டையும் சேர்த்துவிட்டால் நீக்க வேண்டியவற்றையும் நீக்காமல் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும். உங்கள் தொழிலுக்கு இது இல்லாமல் டெலீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: புதிய கணினியில் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு டார் நகலை விரித்தேன். கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் எதையும் திருத்திச் சேமிக்க முடியவில்லை.
— வாசகர், மஞ்சூர்

பதில்: சூடோவோடு விரித்தால் கோப்புகளின் பழைய உரிமையாளரையும் டார் திரும்பக் கொண்டுவரும். அந்தப் பெயரில் புதிய கணினியில் யாரும் இல்லையென்றால் பழைய எண்ணையே ஒட்டிவிடும். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். பழைய கணினியில் நீங்கள் இரண்டாவதாகச் சேர்ந்தவராக இருந்தால் உங்கள் கோப்புகள் 1001-க்குச் சொந்தம். சூடோ, சிஎச்ஓன், ஒற்றைக்கோடு பெரிய ஆர், உங்கள் பயனர் பெயர், கோப்புறையின் பெயர் என்று தட்டினால் உரிமை உங்களுக்கு வந்துவிடும். உங்கள் சொந்தக் கோப்புகளை விரிக்கச் சூடோ தேவையே இல்லை.

கேள்வி: எங்கள் ஹட்டியிலும் சுற்றுப்புறத்திலும் பெரியவர்கள் படுகு மொழியில் பாடியவற்றையும், ஹெத்தையம்மன் பண்டிகைப் படங்களையும் ஊர்வாரியாகக் கோப்புறை வைத்துச் சேர்த்து வருகிறோம். என் லினக்ஸ் கணினியில் சில பதிவுகள் அழிந்துவிட்டதால், அண்ணனின் பழைய மேக் கணினி வழியாக எடுத்திருந்த நகலிலிருந்து ஆர்சிங்க் கொண்டு மீட்டேன். இப்போது கோத்தகிரி, சோலூர், தொட்டபெட்டா என்ற கோப்புறைகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. குன்னூர், கூடலூர், கேத்தி ஆகியவை ஒவ்வொன்றுதான். பெயரில் எழுத்துப்பிழை இல்லை. பலமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.
— வாசகர், கேத்தி

பதில்: இரண்டாக வந்த ஊர்களின் பெயரை மீண்டும் பாருங்கள்: கோ, சோ, தொ. மூன்றிலும் மெய்க்கு இடப்புறம் ஒரு குறி, வலப்புறம் ஒரு குறி. யூனிகோடில் இந்த ஒகர, ஓகாரக் குறிகளை இரண்டு வகையாக எழுதலாம். இருபுறக் குறியையும் ஒரே குறியீட்டு எண்ணாக எழுதுவது ஒரு வகை. இடப்புறக் கொம்பை ஓர் எண்ணாகவும் வலப்புறக் காலை ஓர் எண்ணாகவும் பிரித்து எழுதுவது மற்றொரு வகை. ஔகாரத்துக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு, பெயரை எப்போதும் பிரித்த வகையாக மாற்றிச் சேமிக்கும். லினக்ஸோ தந்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். எண்கள் வேறானால் அதற்குப் பெயரும் வேறு. கேத்தியின் கே-யில் குறி ஒரு பக்கம் மட்டுமே நிற்கிறது, குன்னூரிலும் கூடலூரிலும் உகர ஊகாரங்கள்தாம். பிரிக்க ஒன்றும் இல்லாததால் அவை தப்பித்தன.

சரிசெய்ய, மீட்பை ஒரு காலிக் கோப்புறைக்குள் மீண்டும் செய்யுங்கள். அங்கே கான்வ்எம்வி என்ற சிறு நிரலை ஓட்ட வேண்டும்: கான்வ்எம்வி, ஒற்றைக்கோடு எஃப் யூடிஎஃப்8, ஒற்றைக்கோடு டி யூடிஎஃப்8 (இதுவும் டேபிளின் டி), இரட்டைக்கோடு என்எஃப்சி, ஒற்றைக்கோடு ஆர், கோப்புறையின் பெயர். எந்தெந்தப் பெயரை எப்படி மாற்றப்போகிறது என்று காட்டிவிட்டு எதையும் மாற்றாமல் நின்றுவிடும். அந்த நிரலின் இயல்பே ஒத்திகை என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. பட்டியல் சரியாக இருந்தால் இரட்டைக்கோடு நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், பெயர்கள் மாறிவிடும். பெயர் மாற்றுவதை வேலைக்கோப்புறையில் செய்ய வேண்டாம். அங்கே ஒருங்கிணைந்த பெயரில் ஒரு கோத்தகிரி ஏற்கெனவே இருப்பதால் முட்டிக்கொள்ளும்.

அடுத்து, வேலைக்கோப்புறையில் இரண்டு கோத்தகிரிகளில் எது மேக்கிலிருந்து வந்தது என்று அறிய, எல்எஸ் கட்டளையின் விடையை ஒரு செங்குத்துக் கோட்டின் வழியாக எச்டி என்ற கட்டளைக்கு அனுப்பினால் எண்கள் தெரியும்: கோ என்பதற்கு ஆறு பைட் வந்தால் ஒருங்கிணைந்தது, ஒன்பது வந்தால் பிரிந்தது. பிரிந்ததை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, காலிக் கோப்புறையில் பெயர் திருத்தியவற்றை ஆர்சிங்க், ஒற்றைக்கோடு ஏ, இரட்டைக்கோடு இக்னோர்-எக்ஸிஸ்டிங் என்று கொண்டு சேருங்கள். ஏற்கெனவே உள்ள பதிவுகளைத் தொடாமல், இல்லாதவற்றை மட்டும் அது நிரப்பும். நகர்த்தி வைத்ததை, பாடல்கள் எல்லாம் ஒலிக்கின்றனவா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் வரை அழிக்க வேண்டாம்.